பெட்டி மேல் பெயர், உள்ளே ஆர்மேச்சர்

கருவியும் கையும் – 11

“எந்தக் கம்பெனி எடுக்கலாம்ண்ணே?”

சென்னை பாரிமுனையின் லிங்கி செட்டி தெருவானாலும் சரி, ஏதோ ஒரு தாலுகா ஊரின் ஹார்டுவேர் கடையானாலும் சரி, பவர் டூல்ஸ் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது இதைத்தான். கடைக்காரர் நான்கு இஞ்ச் கிரைண்டர் மூன்றை எடுத்து மேஜைமேல் வைப்பார். வெல்டிங் பட்டறைகளில் ‘ஏஜி 4’ என்கிறார்களே, அதே மெஷின். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், இன்னொன்று இதுவரை கேள்விப்படாத பெயரில் சிவப்பு. மூன்றின் உருவமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகமும் நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டியே இருக்கும். பெட்டியில் அச்சிட்ட வாட்ஸைப் பார்த்தால் சிவப்பில்தான் அதிகம். விலையோ மற்ற இரண்டில் பாதி.

பாதி விலைக்கு அதிக வாட்ஸ் கிடைக்கும்போது மற்றதை எதற்கு வாங்க வேண்டும்? “பிராண்டுன்னா பிராண்டுதான் சார்” என்ற பதில் போதாது. பெயரை மட்டும் நம்பி வாங்கலாமா என்பதற்கு இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1910-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் டங்கன் பிளாக், அலோன்ஸோ டெக்கர் என்ற இருவர் தொடங்கிய சிறு பட்டறைதான் பிளாக் அண்ட் டெக்கர். துப்பாக்கி போன்ற கைப்பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் கொண்ட டிரில்லிங் மெஷினுக்கு 1917-ல் காப்புரிமை பெற்றவர்கள் அவர்கள். இன்று எந்தக் கம்பெனியின் டிரில்லை எடுத்தாலும் அந்த வடிவம்தான். ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் டிரில்லை 1961-ல் கொண்டு வந்ததும் அவர்களே. இப்படிப்பட்ட கம்பெனி 1984-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் வீட்டுச் சாதனப் பிரிவை வாங்கியது. டோஸ்டரிலும் இஸ்திரிப்பெட்டியிலும் அதே பெயர் வந்தது. சமையலறையில் இருக்கும் பெயரைத் தாங்கிய டிரில்லோடு கட்டட வேலைக்குப் போக அமெரிக்கத் தச்சர்கள் விரும்பவில்லை. 1915-ல் நகோயாவில் மோட்டார் ரிப்பேர் கடையாகத் தொடங்கிய ஜப்பானின் மகிட்டா, தொழிலாளர் சந்தையில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் பிளாக் அண்ட் டெக்கரின் தொழில்முறைக் கருவிகள் சோதனைகளில் போட்டியாளர்களுக்குச் சளைத்தவை அல்ல.

1992-ல் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. தொழிலாளருக்கான கருவிகளிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டது. 1960-ல் வாங்கி வைத்திருந்த, மரம் அறுக்கும் இயந்திரங்களுக்குப் பேர்போன டிவால்ட் என்ற பழைய பெயரை எடுத்து, கரும்சாம்பல் நிறத்தை மஞ்சளாக்கி இறக்கியது. சில வருடங்களில் சந்தை மஞ்சளானது. பலரும் நிறத்தையும் பெயரையும் சொல்வதோடு இந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் டிவால்ட் என்ற பெயரோடு வேறு இரண்டு உறுதிகளும் வந்தன: பிடிக்காவிட்டால் 30 நாளில் திருப்பித் தரலாம், ஒரு வருடத்துக்கு சர்வீஸ் இலவசம். தினக்கூலிக்காரனுக்கு மெஷின் நின்றால் வேலை நிற்கும் என்று புரிந்துகொண்டு கொடுத்த உறுதிகள் அவை.

இன்றைய நிலவரம் இன்னும் சிக்கலானது. ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் 2010-ல் இணைந்தன. அதனால் டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே முதலாளியின் மூன்று படிகள். ஹாங்காங்கின் டி.டி.ஐ. நிறுவனம் 2005-ல் மில்வாக்கியையும் ஏ.இ.ஜி. கருவிப் பிரிவையும் வாங்கியது. ரியோபி பெயரில் விற்பதும் அதுதான். பாஷில் நீலம் தொழிலாளருக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு. நம் ஊர் ஆசாரிகள் தலைமுறையாக நம்பிய ஹிட்டாச்சியின் கருவிப் பிரிவு 2017-ல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கே.கே.ஆர். கைக்குப் போய், 2018 அக்டோபரில் ஹைகோகி என்று பெயர் மாறியது. ஆகவே இன்று யாராவது “போன மாசம் வந்த சரக்கு” என்று சொல்லி ஹிட்டாச்சி முத்திரையோடு ஒரு மார்பிள் கட்டரை நீட்டினால், வாங்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

ஒரே முதலாளி ஒரே சமயத்தில் உயர்ந்த சரக்கும் சாதாரண சரக்கும் விற்கிறார் என்றால், கம்பெனியோடு கம்பெனியை ஒப்பிடுவதில் அர்த்தம் குறைவு. மாடலோடு மாடலைத்தான் ஒப்பிட வேண்டும். அதற்குப் பெட்டியைவிட நல்ல இடம் ரிப்பேர் கடை.

கிரைண்டரின் பின்மூடியைக் கழற்றினால் முதலில் வருவது கார்பன். இரண்டு சிறு கரிக்கட்டைகள், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் சுழலும் செம்புப் பட்டைகளைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டைகளும் கம்பிச் சுற்றும் சேர்ந்த சுழல்பகுதிதான் ஆர்மேச்சர். அது நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுகளை ஒட்டி ஓடும். முன்னால் உள்ள பல்சக்கரம் அதைப் பதினோராயிரமாகக் குறைத்து வட்டுக்குக் கொடுக்கிறது. நல்ல மெஷினில் ஆர்மேச்சர் சுற்றின் முனைகளில் பிசின் கெட்டியாகப் பூசியிருக்கும். வெட்டும்போது பறக்கும் இரும்புத் தூளும் சிமெண்டுத் தூளும் காற்றோட்டத் துளை வழியே உள்ளே போய், நொடிக்கு ஐந்நூறு முறை சுழலும் கம்பியை உரசுகின்றன. பூச்சு மெலிதாக இருந்தால் கம்பியின் இனாமல் தேய்ந்து, ஷார்ட் ஆகி, காயில் கருகும். மலிவு மெஷின்கள் சிலவற்றில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி, தூசி தடுக்கும் மூடி இல்லாத பேரிங், சரியாகப் பதப்படுத்தாத பல்சக்கரம். விலை பாதியானது இங்கேதான்.

வாட்ஸ் விஷயமும் இங்கேயே தெளியும். பெட்டியில் இருப்பது மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. வட்டின் முனைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய அதில் பாதிதான்; மீதி சூடாகவும் சத்தமாகவும் போகும். எண்ணைப் பெரிதாக அச்சடிப்பதற்குச் செலவில்லை. அதனால் இரண்டு மெஷினை வாட்ஸ் வைத்து மட்டும் ஒப்பிடுகிறவர் ஏமாற வாய்ப்பு அதிகம். எடை, சுமையில் வேகம் எவ்வளவு விழுகிறது, பத்து நிமிட வேலைக்குப் பின் கியர் தலை தொட முடியாத அளவு சுடுகிறதா என்பதைப் பார்ப்பவர் தப்பிப்பார்.

இந்தியச் சந்தையில் இன்னொரு விசித்திரம் உண்டு. பாஷின் ஜிபிஹெச் 2-26 என்ற ஹாமர் மெஷின், கான்கிரீட்டில் 26 மில்லிமீட்டர் வரை துளை போடுவது. இன்று எத்தனையோ கம்பெனிகள் அதே உருவத்தில் விற்கும் மெஷின்களுக்கும் கடையில் ‘2-26’ என்றே பெயர். டிவால்டின் டிடபிள்யூ 801 கிரைண்டருக்கும் ஹிட்டாச்சியின் சிஎம் 4 மார்பிள் கட்டருக்கும் அதே கதைதான். நகல்கள் பெருகியதால், ‘801 ஆர்மேச்சர் ஒண்ணு குடுங்க’ என்றால் சிறு ஊரிலும் ஒரிஜினல், டூப்ளிகேட் என இரண்டு விலையில் கிடைக்கிறது. ஒரிஜினல் கம்பெனிகளுக்கு இது நஷ்டம். ஆனால் ரிப்பேர் கடைக்காரருக்கு இதுதான் பிழைப்பு. நகல் மெஷின் வாங்கியவருக்கும் இதனால் ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது: எல்லோரும் நகலெடுத்த மாடலை வாங்கினால் உதிரிபாகம் என்றும் கிடைக்கும். யாரும் நகலெடுக்காத, யாருக்கும் தெரியாத மாடலை மலிவாக வாங்கியவர்தான் மாட்டிக்கொள்வார். ஐம்பது ரூபாய் சுவிட்ச் பொருந்தாமல் முழு மெஷினும் பழைய இரும்புக்குப் போகும்.

இனி வாரண்டி.

அமெரிக்காவில் மில்வாக்கி தன் எம் 18 பேட்டரிக் கருவிகளுக்கு ஐந்து வருடம் தருகிறது. டிவால்ட் மூன்று வருடம். ஐரோப்பாவில் பாஷின் நீலக் கருவியை வாங்கிய நான்கு வாரத்துக்குள் பதிவு செய்தால் மூன்று வருடம். இந்தியாவில் ஒயர் போட்ட கருவிகளுக்குப் பொதுவாக ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் என்பதே வழக்கம். இங்கே தூசியும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் அதிகம், ஒரே மெஷின் நாளெல்லாம் ஓடுகிறது என்று காரணம் சொல்லலாம். ஆனால் அப்படி ஓடும் நாட்டில்தானே நீண்ட உறுதி தேவை? இந்தியச் சந்தையில் கோடிக்கணக்கில் விற்கும் பெரிய கம்பெனிகள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வாரண்டி அட்டையின் பின்புறச் சிறு எழுத்தைப் படிப்பவர் குறைவு. தேய்ந்து போகும் பாகங்களான கார்பன், சக், ஒயர் ஆகியவை பெரும்பாலும் அதில் சேராது. அதிகச் சுமையால் காயில் எரிந்தாலும் சேராது. வெளியாள் மெஷினைத் திறந்திருந்தாலும் சேராது. காயில் ஏன் எரிந்தது என்று தீர்மானிப்பது சர்வீஸ் சென்டர். இழுத்து இழுத்துப் போட்ட நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் வோல்டேஜ் விழுந்து மோட்டார் திணறி எரிந்தாலும், அது உபயோகித்தவர் தவறுதான் என்று எழுதிவிடுவார்கள். தேய்ந்த கார்பனை மாற்றாமல் ஓட்டி ஆர்மேச்சரைக் கெடுத்தவருக்கும் அதே பதில். கார்பன் விலை ஒரு டீ, இரண்டு வடையைச் சற்றே தாண்டும். ஆர்மேச்சர் விலை மெஷினில் கணிசமான பங்கு.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் மெஷின் விஷயத்திலும் கவனம் வேண்டும். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. ஒயர் மெஷினை நேராகச் செருகினால் அன்றோடு அதன் கதை முடியும். பேட்டரி மெஷினானாலும் சார்ஜர் பிரச்சினை உண்டு. அந்த ஐந்து வருட வாரண்டியும் கடலைத் தாண்டி வராது.

பில் இல்லாமல் வாங்குவது பலருக்குப் பழக்கம். பவர் டூல்ஸுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதை மிச்சம் பிடிக்கலாம் என்று கடைக்காரரே சொல்வார். மிச்சமாவது சில நூறு ரூபாய். போவது வாரண்டி முழுவதும். அதோடு இன்னொரு உரிமையும் போகிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை ஏற்கிறது. தன் கையால் வேலை செய்யும் ஆசாரி, பிளம்பர், டைல்ஸ் மேஸ்திரி எல்லோரும் இதில் வருவார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதற்கெல்லாம் அடிப்படை, பெயரும் சீரியல் எண்ணும் எழுதிய பில்.

ஹில்டியின் வழி வேறு. லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டிலிருந்து 1941-ல் கிளம்பிய அந்தக் கம்பெனி தன் ஆட்கள் மூலமே நேரடியாக விற்கிறது. பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு மாதக் கட்டணத்தில் கருவிகளைக் கொடுத்து, பழுதையும் தானே பார்த்துக்கொள்கிறது. மெட்ரோ ரயில் வேலை எடுப்பவருக்கு அது கட்டுபடியாகும். ஒற்றை ஆளாக வேலைக்குப் போகிறவருக்கு எட்டாது.

பாதுகாப்பைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை முடிக்கக் கூடாது. நான்கு இஞ்ச் வட்டு 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வட்டு உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில்தான் பறக்கும். மெஷினோடு வரும் காப்பு மூடி உறுதியான இரும்பா, ஆட்டினால் ஆடும் தகடா என்று கையில் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல தச்சர்கள் மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடைப் பூட்டிப் பலகை அறுக்கிறார்கள். மர அறுப்புக்கான மெஷினில் பிளேடை வெளியே எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பு உண்டு. மார்பிள் கட்டரில் அது கிடையாது. வேகமும் மரத்துக்கு வேண்டியதைவிட மிக அதிகம். விரல் இழந்தவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். இதை எந்த விலையுயர்ந்த பிராண்டும் ஈடுசெய்யாது. மர வேலைக்கு மரத்துக்கான மெஷின்தான் வாங்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது? வருடத்தில் நாலு துளை போட வீட்டுக்கு ஒரு டிரில் வேண்டுமென்றால், தெரிந்த கம்பெனியின் கீழ்ப்படி மாடல் போதும். தொழில்முறை மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அலமாரியில் தூங்கும். தினமும் ஏழெட்டு மணி நேரம் ஓட்டுகிறவர் மலிவு மெஷினை எடுப்பது நஷ்டக் கணக்கு. காயில் எரிந்த அன்று போகும் ஒரு நாள் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மலிவு மெஷின்களின் செலவு ஒரு நல்ல மெஷினைத் தாண்டிவிடும்.

மெஷினின் விலையைக் கேட்ட கையோடு அதன் ஆர்மேச்சர் விலையையும் கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் தெரியாத கடையில் பணத்தை எடுக்காதீர்கள். பதில் வந்தால், பில் போட்டு, சீரியல் எண்ணை அதில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

(தொடரும்)