குளிப்பதற்கும் ஒரு நாற்காலி

சக்கர நாற்காலி என்றதும் துணி இருக்கையும் இரண்டு பெரிய சில்லுகளும் கொண்ட ஒன்றுதான் நம் நினைவுக்கு வரும். போரில் கால் இழந்தோருக்கும் முள்ளந்தண்டில் காயப்பட்டோருக்கும் பெரும்பாலும் கிடைத்தது அதுதான். அதில் இருந்து தெருவுக்குப் போகலாம், குளிக்க முடியாது. நனைந்தால் துணி நாறும், இரும்பு துருப்பிடிக்கும். குளிப்பதற்கென்றே வேறொரு நாற்காலி உண்டு என்பது சகோதரிகளில் பலருக்குத் தெரியாது.

அதன் சட்டம் அலுமினியத்தால் அல்லது துருப்பிடிக்காத உருக்கால் ஆனது. இருக்கை பிளாஸ்டிக், நடுவில் ஓட்டை. கீழே நான்கு சிறு சில்லுகள், அவற்றுக்குப் பிரேக். கட்டிலிலிருந்து ஒருமுறை தூக்கி இருத்தினால் போதும். அப்படியே கொமட்டின் மேலே தள்ளி நிறுத்தலாம், பிறகு அதிலேயே இருத்திக் குளிக்க வார்க்கலாம். கொமட் இல்லாத வீட்டில் ஓட்டைக்குக் கீழே வாளி வைக்கலாம். மூன்று தரம் தூக்குவது ஒரு தரமாகக் குறைகிறது. பராமரிக்கும் பெண்ணின் இடுப்புக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது தூக்கியவளுக்குத்தான் தெரியும்.

பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பெரியம்மா இருக்கிறார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காது. (வன்னிச் சகோதரிகள் சிலருக்கு இந்த மலை அந்நியமல்ல. 1977 இலும், பதுளை நகரம் எரிந்த 1983 ஜூலைக்குப் பிறகும் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் அநேகம்.) லயன் காம்பராவிலிருந்து ஐந்து படி இறங்கினால் பீலி. மலசலகூடம் அதற்கும் கீழே. நடக்க முடிந்தவர்களுக்கே பீலிக் குளிப்பு. பெரியம்மாவை வாசலில் பலகை போட்டு இருத்தித்தான் குளிக்க வைத்தார்கள்.

"ஆம்பளைங்க போற வர்ற வாசல்ல வச்சுக் குளிப்பாட்டாதடி" என்று அவர் அழுவார். அதனால் ஞாயிறு மட்டும், விடியுமுன். மற்ற நாட்களில் மருமகள் கொழுந்துக்குப் போய்விடுவாள். மலசலகூடம் போக வேண்டி வருமென்று பகலில் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார். அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது.

ஓர் அமைப்பு நல்ல மனதோடு சாதாரண சக்கர நாற்காலி கொடுத்தது. கதவின் அகலத்தை யாரும் அளக்கவில்லை. அது உள்ளே நுழையவில்லை. இப்போது அதன்மேல் விறகு அடுக்கியிருக்கிறது.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் நுழைய வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. லயன் காம்பராவை அவை எட்டவில்லை. எட்டினாலும் மலை விடாது. சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரை அடி உயரமான ஐந்து படிக்கு முப்பது அடி வேண்டும். லயன் முன்னால் அந்த இடம் எங்கே?

ஆகவே ஆளைத் தண்ணீரிடம் கொண்டுபோகாமல், தண்ணீரை ஆளிடம் கொண்டுவந்தோம். தோட்டத்துரையிடம் கேட்டு, குசினிக்குப் பின்னால் காம்பராத் தரை மட்டத்துக்கே நாலடிக்கு நாலடி சீமெந்துத் தரை போட்டு, காணுக்கு வழி வெட்டி, மூன்று பக்கம் தகரம் அடித்தோம். நாலாவது பக்கம் திரை. குசினிக் கதவு 23 அங்குலம். அதற்குள் நுழையும் குளியல் நாற்காலியை அளந்துதான் வாங்கினோம். அதற்கு முன் சிலர் சொன்னார்கள், பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டினால் போதாதா என்று. வேண்டாம். வெட்டினால் இருக்கை பலம் இழக்கும், ஈரத் தரையில் கால்கள் விரிந்து வழுக்கும். காசில்லாவிட்டால் தச்சரிடம் மரத்தில் செய்விப்பது மேல்.

இந்திய வீட்டுத் திட்டத்தில் தோட்டங்களில் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. புது வீடு கட்டுகிறவர்கள் நிலை வைக்குமுன் மேசனிடம் பேசுங்கள். குளியலறைக் கதவுக்கு 32 அங்குலத் திறப்பு கேளுங்கள். தண்ணீர் வெளியே வராமல் வாசலில் கட்டு வைக்க வேண்டும் என்பார். தரையைக் காண் பக்கம் சரித்தால் கட்டே வேண்டாம்.

நாற்காலி வந்தபின் சில கவனங்கள். தூக்கி இருத்துமுன் பிரேக்கை அழுத்துங்கள். கால்மிதியில் ஏறி நிற்க விடாதீர்கள், நாற்காலி முன்னால் கவிழும். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிருக்குச் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது. ஆனால் முள்ளந்தண்டு காயப்பட்டவருக்கு உணர்ச்சியில்லாத இடத்தில் தோல் வெந்தாலும் தெரியாது. உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். பாதம் நிலத்தில் உராய்கிறதா என்றும் கவனியுங்கள். ஓட்டை இருக்கையில் நெடுநேரம் விட்டால் படுக்கைப்புண் தொடங்கும். துடைத்தபின் பின்புறத்தில் சிவப்பு இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். வெறுமனே "சக்கர நாற்காலி" என்று எழுதினால் துணி இருக்கை கொண்டதே வரக்கூடும். "குளிப்பதற்கும் மலசலகூடத்துக்குமான நாற்காலி" என்று தெளிவாக எழுதுங்கள். கதவின் அகலம், கொமட்டின் உயரம், இருப்பவரின் நிறை மூன்றையும் அதே தாளில் குறித்துக் கொடுங்கள்.