கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்கும் முன்

பல்லில் தொடங்கும் வினை

வாய்ப்புற்றுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையிலோ ‘கரண்ட்’ (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். ஓரிரு வருடம் கழித்து, ஆடிய பல்லை அருகிலேயே பிடுங்கிக்கொண்டு, ஆறாத குழியோடும் வெளியே தெரியும் எலும்போடும் வருகிறார்கள். கதிர்வீச்சு தாடை எலும்பின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் அடைத்துவிடுகிறது. உமிழ்நீர் வற்றுவதால் பற்கள் வேகமாகச் சொத்தையாகின்றன. 60 கிரே அளவுக்கு மேல் கதிர் வாங்கிய கீழ்த்தாடையில் இந்த ஆபத்து அதிகம். வருடங்கள் போனாலும் அது தீராது. காப்பாற்ற முடியாத பற்களைக் கரண்ட் தொடங்க இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

‘இனி அறுத்து என்ன ஆகும்?’

கரண்ட் வைத்த பிறகும் நோய் திரும்பி, நாக்கின் அடியிலோ தொண்டையிலோ கட்டி வளர்ந்தால், சிலருக்குக் கீழுதட்டையும் தாடையையும் நடுவில் பிளந்து கதவுபோல் விலக்கித்தான் அதை எட்ட முடியும். 1836இல் பிரெஞ்சு மருத்துவர் ரூ விவரித்த வழி இது. பின்னர் டைட்டானியம் தகடு வைத்து எலும்பை இணைப்பார்கள். கதிர் பட்ட எலும்பு எளிதில் ஒட்டாது. எச்சில் கசியலாம், தகடு வெளியே தெரியலாம். அதனால்தான் பலருக்குத் தொடையிலிருந்தோ முன்கையிலிருந்தோ ரத்த ஓட்டமுள்ள சதையை எடுத்து வைக்கிறார்கள். இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. எல்லோருக்கும் இது பலன் தருவதுமில்லை. ஆனால் கட்டி சிறிதாக இருக்கையில் வந்தால், தாடையைத் தொடாமல் வாய் வழியாகவே எடுக்கப் பலருக்கு வாய்ப்புண்டு. கத்தி பட்டால் பரவும் என்று வீட்டில் இருந்த மாதங்களில்தான் கட்டி பரவுகிறது. சதைப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துவிட்டால் நிலவரம் தெரிந்துவிடும்.

புளோரைடு என்றாலே விஷமா?

கரண்ட் வைத்தவர்களின் பல்லுக்குப் புளோரைடு ஜெல் எழுதிக்கொடுத்தால், ஒகேனக்கல் வட்டாரத்தில் சந்தேகம் எழுவது இயல்பே. நிலத்தடி நீரின் புளோரைடால் பல் கறையான வட்டாரம் இது. அதற்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் கெடுதல் செய்தது வருடக்கணக்கில் குடித்த நீர். ஜெல்லைப் பல்லில் தடவித் துப்பிவிடுகிறோம். அதே 2013இல், வாய்ப்புற்றைத் தரும் குட்காவுக்கும் தமிழ்நாட்டில் தடை வந்தது. பொட்டலம் மட்டும் இன்னும் போகவில்லை. பல்வலிக்குப் புகையிலையை அடக்குகிறவர்களை என்ன சொல்வது! புண்ணாக்கும் பொருளையே மருந்தாக வைக்கிறார்கள். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், தவறில்லை. மூன்று வாரத்தில் ஆறாத புண்ணுக்கு அதை நம்பி உட்காராதீர்கள், தயவுசெய்து. பல் மருத்துவரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும், கரண்ட் வைத்ததை முதலில் சொல்லுங்கள். சிகிச்சைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.