மெழுகுவர்த்தி அணைந்தபின் வளரும் மலேரியா

சிலாவத்துறை வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: மலேரியா இலங்கையை விட்டுப் போய்விட்டதென்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது, பிறகும் ஏன் வைத்தியசாலையில் விரலைக் குத்துகிறார்கள்? ஆய்வுகூடங்களில் அந்தக் கிருமியை இன்னமும் வளர்த்து மருந்து தேடுவது எதற்கு?

பின்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நுளம்பு, குளிர், நடுக்கம் எல்லாம் மன்னார்க்காரருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மருந்து தேடுகிறவர்களின் முதல் தலையிடி கிருமியைக் கொல்வதல்ல, உயிரோடு வைத்திருப்பதுதான். மருந்து போடாத கிண்ணத்தில் அது தழைத்தால்தானே, மருந்து போட்ட கிண்ணத்தில் செத்ததை நம்பலாம்?

பல்சிபாரம் என்ற கொடிய வகையை உடலுக்கு வெளியே தொடர்ந்து வளர்ப்பது 1976 வரை யாருக்கும் கைகூடவில்லை. அந்த ஆண்டு நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் அதைச் சாதித்தார்கள். மறுவருடம் அவர்கள் விவரித்த எளிய முறைதான் எனக்கு இன்றுவரை அலுக்காத அதிசயம். மனிதச் செங்குருதிக் கலங்களும் ஊட்டத் திரவமும் கலந்த கிண்ணங்களைக் கண்ணாடிச் சாடிக்குள் அடுக்குவார்கள். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மூடியை வைப்பார்கள். சுடர் அணையும் தறுவாயில் மூடியிலுள்ள திருகை இறுக்கி அடைப்பார்கள். ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு கூடிய அந்தக் காற்றுத்தான் கிருமிக்குப் பிடிக்கும். பிறகு சாடியை உடற்சூட்டில் வைத்திருக்க வேண்டும், திரவத்தை நாள்தோறும் மாற்ற வேண்டும், சில நாளுக்கொரு தடவை புதுக் கலங்கள் சேர்க்க வேண்டும். அக்காவைக் கட்டிய புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தானுக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. ஒரு ஆறுதல், இரத்த வங்கியில் காலாவதியான இரத்தமே போதும்.

இப்படி வளர்த்த கிருமியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், முற்றியவற்றுக்குள் பழுப்பு நிற மணிகள் தெரியும். ஈமோகுளோபினைத் தின்ற மிச்சம் கிருமிக்கே நஞ்சு. அதனால் அதைப் பளிங்காக்கி ஒதுக்கி வைக்கிறது. குளோரோகுயின் என்ற மருந்து அந்தப் பளிங்கு உருவாகாமல் தடுக்க, கிருமி தன் சாப்பாட்டாலேயே சாகிறது. ஆனால் மருந்தை வெளியே தள்ளப் பழகிய பல்சிபாரம் உலகில் பல இடங்களில் பரவிவிட்டது. பின்னர் வந்த ஆர்ட்டெமிசினினுக்கும் தென்கிழக்காசியாவில் மசியாத கிருமிகள் வந்துவிட்டன. ஆய்வுகூடங்கள் ஓயாததற்குக் காரணம் இதுதான்.

நம் நாட்டை அதிகம் ஆட்டிப்படைத்த வைவாக்ஸ் வகை இந்த உபசாரத்துக்கும் மசியவில்லை. இளம் செங்குருதிக் கலங்களையே தேடிப் போவதால், அதைத் தொடர்ந்து வளர்க்கும் வழி இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அது ஈரலில் மாதக்கணக்கில் உறங்கவும் வல்லது. உறங்கும்போது விரல் இரத்தத்திலும் அகப்படாது. அதற்காகத்தான் பிரிமாகுயினை 14 நாள் கொடுக்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசையை அலுமாரிக்குள் போடுகிறவர்களை என்ன சொல்வது! உலகம் இத்தனை பாடுபட்டுக் கண்ட மருந்தை ஏழாம் நாளில் நிறுத்துவது, அந்தப் பாட்டையே அவமதிப்பது.

இனி விரல் குத்தும் கதை. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. கண்காணிப்புத் தளர்ந்தது, 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார் என்றாலும், நுளம்பு எங்கும் போகவில்லை. அருவியாறு வற்றும் காலத்தில் மணலில் தேங்கும் குட்டைகள் பழைய நுளம்புக்குப் போதும். சான்றிதழ் கிடைத்த அதே 2016இன் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி மன்னார்த் தீவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும். இப்போது இங்கே இல்லாதது கிருமி மட்டுமே; அது ஒரு பயணியின் இரத்தத்தில் வந்தால் போதும்.

ஆகவே கிணற்றை வலையால் மூடுங்கள். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தபின் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்குமுன் போன இடத்தைச் சொல்லி விரலை நீட்டுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை.