பல்நோயும் அஜீரணமும் உள்ள வீட்டு முயலின் ஆகாரம்

வீட்டில் செல்லமாக வளர்க்கும் முயல் தீனி தின்னாது ஒடுங்கிக் கிடக்குமாயின், வீட்டார் இரக்கங்கொண்டு சோறு, ரொட்டி, வாழைப்பழம் முதலிய மிருதுவான பண்டங்களை ஊட்டுவது வழக்கம். முயலும் இரண்டொரு நாள் அவற்றை ஆவலுடன் தின்று, பின்னர் முன்னிலும் அதிகமாக நோயுறும். இதன் காரணம் யாவரும் அறியத்தக்கது.

பல்லின் இயல்பு:— முயலுக்குப் பற்கள் 28. அவை யாவும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்திற்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். நாருள்ள நீண்ட புல்லை நெடுநேரம் அரைத்து மெல்லுவதனாலேயே கடைவாய்ப் பற்கள் ஒழுங்காகத் தேய்கின்றன. மிருதுவான தீனியால் அவை தேயாமல் கூர்முனை கொண்டு நாவையும் கன்னத்தையும் புண்படுத்தும். வலியால் முயல் புல்லை வெறுக்கும்; நார் குறையவே குடலின் அசைவு தளரும்; மாவுப்பொருள் உள்ளே நொதித்து வாயு மிகும். ஆகவே பல்நோயும் அஜீரணமும் பெரும்பாலும் ஒரே வேரில் முளைத்தவையாம்.

ஆகாரம்:— தீனியில் ஐந்தில் நான்கு பங்கு உலர்புல்லாக இருத்தல் வேண்டும். பூக்கும் தருணத்தில் அறுத்து உலர்த்திய கொழுக்கட்டைப்புல்லும் அறுகும் ஏற்றவை. பூஞ்சணம் பிடித்த புல் ஆகாது. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாதலால், வளர்ந்த முயலுக்கு அதையே முக்கிய தீனியாக்கலாகாது. குச்சித்தீவனம் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேற்பட வேண்டுவதில்லை. தண்ணீர் எப்பொழுதும் இருக்க வேண்டும். தீனியை மாற்றுங்கால் ஒரு வாரத்திற்குக் குறையாமல் சிறுகச் சிறுக மாற்றுக.

மெல்ல இயலாத முயலுக்கு:— உலர்புல்லைப் பொடியாக நறுக்கி வைக்கலாம். அதுவும் இயலாதாயின், உலர்புல் தூளை வெந்நீரில் ஊறவைத்து ஆற்றிக் கூழாக்கி, ஊசியில்லாத பீச்சுக்குழலால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகப் புகட்டுக. கிலோ எடைக்கு வேளைக்கு 10 மில்லிலிட்டர் அளவில், நாளொன்றுக்கு 4 அல்லது 5 வேளை புகட்டலாம். நீண்ட புல்லும் அருகே இருக்கட்டும். பல்லை நகவெட்டியால் நறுக்கினால் அது பிளந்துபோகும். கால்நடை மருத்துவரே அராவிச் சீர்செய்தல் வேண்டும்.

அபாயக் குறிகள்:— மோவாய் நனைந்திருத்தல், புழுக்கை சிறுத்தல், எடை குறைதல் ஆகியவை முதற்குறிகள். 12 மணி நேரம் தீனியும் புழுக்கையும் நின்றுபோயின் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்க. வயிறு பறைபோல் விம்மியிருப்பின் எதையும் புகட்டலாகாது. முயலால் வாந்தியெடுக்க இயலாது. பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் மாண்டுபோகலாம். ஆதலால் மனிதருக்கோ மாட்டுக்கோ வாங்கிய மருந்தைக் கொடுக்கற்க. முயல் தன் மென்புழுக்கையைத் தானே உண்பது இயற்கை, அதைத் தடுக்கலாகாது.

முற்றிய பல்நோய் முழுதும் நீங்குவது அரிது. சில முயல்களுக்குச் சில வாரங்களுக்கொருமுறை பல்லை அராவ நேரிடும். எனவே, வாரந்தோறும் எடையிட்டுக் குறித்து வருவது நலம். இத்தகைய முயலை இனவிருத்திக்கு விடலாகாது. குட்டிப் பருவம் முதலே புல்லைப் பழக்குவோர்க்கு இத்துன்பமும் செலவும் பெரும்பாலும் நேரா.