கப்பல் பால்கனியில் பூட்டிய தடுப்பு! சாவி யாரிடம்?

அண்ணன் குடும்பம் ஒரு கேபினில். தம்பி குடும்பம் அடுத்த கேபினில். கடலைப் பார்த்தபடி ஆளுக்கொரு பால்கனி. ஆனால் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்பு!

"காசு கொட்டிக் கொடுத்தும் ஒண்ணா உட்கார்ந்து காபி குடிக்க முடியலையே. இதைத் திறந்தா என்னவாம்?"

அமெரிக்காவின் மியாமி, போர்ட் லாடர்டேல் துறைமுகங்களில் உல்லாசக் கப்பல் ஏறும் பெரிய குடும்பங்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி இது.

பல கப்பல்களில் திறக்கலாம். ஆனால் திறக்க வேண்டியவர் நீங்கள் அல்ல!

கேட்டால் திறப்பார்கள்

இத்தகைய தடுப்புகள் கீல் வைத்த கதவு போலவே இருக்கும். பூட்டும் உண்டு. அதற்குரிய சாவி கப்பல் ஊழியர்களிடம்தான் இருக்கும்.

அறையைச் சுத்தம் செய்ய வரும் ஊழியரிடம் சொன்னால் போதும். இரு அறைக்காரர்களுக்கும் சம்மதம்தானா என்று கேட்பார். சம்மதம் என்றால் தடுப்பைத் திறந்து சுவரோரம் மாட்டி விடுவார். இரண்டு பால்கனியும் ஒரே திண்ணை ஆகிவிடும்!

காற்று பலமாக வீசினால் மறுபடி பூட்டிவிடுவார்கள். அப்போது முகம் சுளிக்கக் கூடாது. அவிழ்ந்து ஆடும் கதவு ஆளை அடித்துவிடும்.

எல்லாத் தடுப்பும் திறக்காது. சில இடங்களில் அது கப்பலின் இரும்புச் சுவரோடு சேர்ந்தது. அசையவே அசையாது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே, "இந்த இரண்டு அறைக்கும் நடுவில் திறக்குமா?" என்று கேட்டு வைப்பது நல்லது.

சரி, குடும்பம் கூடிப் பேசுவதற்காகவா இந்தக் கதவை வைத்தார்கள்? அதுதான் இல்லை. இதன் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

அதிகாலை 3 மணிக்குத் தீ!

2006-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி. "ஸ்டார் பிரின்சஸ்" என்ற உல்லாசக் கப்பல் கரீபியன் கடலில் ஜமைக்கா நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் 3,800-க்கும் மேற்பட்டோர். பயணிகள் நல்ல தூக்கம்.

மணி 3-ஐத் தாண்டியது. 10-வது தளத்தில் ஒரு பால்கனியில் திடீர் என்று தீப்பிடித்தது. யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது.

பால்கனித் தடுப்பு பிளாஸ்டிக். நாற்காலியும் பிளாஸ்டிக். கேட்க வேண்டுமா? தீ திகுதிகு என்று பரவியது. 6 நிமிடத்தில் மேலே உள்ள தளங்களைத் தொட்டது!

அபாயச் சங்கு ஊதியது. பயணிகள் உயிர் காக்கும் சட்டையோடு ஓடினார்கள்.

ஊழியர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போராடினார்கள். ஆனால் பால்கனிக்குப் பால்கனி தடுப்பு! பக்கவாட்டில் நெருங்கித் தண்ணீர் அடிக்க முடியாமல் திண்டாடினார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகே தீ அணைந்தது.

புகையில் சிக்கி ஒரு பயணி இறந்தார். 13 பேருக்கு மூச்சுத் திணறலுக்குச் சிகிச்சை. 79 அறைகள் எரிந்து பயனற்றுப் போயின. மேலும் 218 அறைகள் தீ, புகை, தண்ணீரால் பாழ்.

வந்தது புதுச் சட்டம்

இங்கிலாந்து அதிகாரிகள் துருவித் துருவி விசாரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதிகளைத் திருத்தியது.

2008 ஜூலை 1-ந்தேதி முதல் கட்டப்படும் பயணிகள் கப்பல்களில் பால்கனித் தடுப்பு எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். இன்னொரு முக்கிய விதி: தீயை அணைக்க வசதியாக, கப்பல் ஊழியர்கள் எந்தப் பக்கத்தில் இருந்தும் அந்தத் தடுப்பைத் திறக்க முடிய வேண்டும்!

காபி குடிக்க நீங்கள் திறக்கச் சொல்லும் அதே கதவுதான், ஆபத்து நேரத்தில் தீயணைக்க வருபவருக்கு வழி.

விளையாட்டு வேண்டாம்

சிலர் பொறுமை இல்லாமல் கத்தி, ஸ்பூன் கொண்டு பூட்டை நெம்பப் பார்க்கிறார்கள். பூட்டு கெட்டுப்போனால் அவசரத்தில் கதவு திறக்காது. நஷ்டம் யாருக்கு? உள்ளே தூங்குபவருக்குத்தான்.

வேறு சிலர், "ஒரு எட்டு தாண்டிப் போயிடலாம்" என்று கைப்பிடிக் கம்பியில் கால் வைக்கிறார்கள். கீழே நடுக்கடல்! 2019 அக்டோபரில் போட்டோ எடுக்கப் பால்கனிக் கம்பி மேல் ஏறி நின்ற ஒரு பெண்ணை அடுத்த துறைமுகத்திலேயே இறக்கி விட்டார்கள். அந்தக் கம்பெனிக் கப்பலில் ஆயுள் முழுக்க ஏற முடியாது என்றும் தடை போட்டார்கள்.

எனவே தடுப்பைத் திறக்க வேண்டுமா? ஊழியரைக் கூப்பிடுங்கள். திறந்த பிறகு நாற்காலியையும் சாமானையும் கதவின் வழியில் போடாதீர்கள். பால்கனியில் சிகரெட் வேண்டவே வேண்டாம்!