காரின் முன்புறம் முனகும்போது

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பின்னர், பாலகாட், மாரிக்குப்பம் போன்ற குடியிருப்புகளிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் பெருகினர். பெரும்பாலோருக்கு ரயிலே துணை. பழைய கார் வாங்கிப் பயன்படுத்துவோரும் உண்டு. அவ்வாறு ஓடும் கார்களில் அடிக்கடி எழும் குறை, முன்புறத்திலிருந்து வரும் நீண்ட முனகல் ஒலியாகும்.

இன்றைய சிறு கார்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆல்டர்நேட்டர், ஸ்டீயரிங், இயக்கும் சக்கரங்கள் ஆகிய யாவும் முன்புறத்திலேயே அமைந்துள்ளன. எனவே ஒலி வரும் திசையை மட்டும் நம்பினால் செவி ஏமாறும். பேரிங் மாற்றிய பிறகும் முனகல் நீடித்து, செலவு வீணாகும். அவ்வொலி எதைப் பின்தொடர்கிறது என்பதையே முதலில் காண வேண்டும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துக. ஒலி எஞ்சினோடு சேர்ந்து உயர்ந்தால், சக்கரத்தைக் குறைகூற வேண்டியதில்லை. முகப்பு விளக்கையும் மின்விசிறியையும் இயக்கியவுடன் அது மிகுந்தால் ஆல்டர்நேட்டரை ஐயுறலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் மிகுந்தால், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் அதன் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். மின்சார ஸ்டீயரிங் கொண்ட வண்டிகளில் இவ்வெண்ணெயே இல்லை. அதை ஊற்றியதாகப் பில் வந்தால் கேள்வி கேட்கலாம்!

நின்றபோது அமைதியாக இருந்து, ஓடும்போது மட்டும் வேகத்தோடு உயரும் ஒலியே கவனத்திற்குரியது. அது டயரின் ஒலியா, பேரிங்கின் ஒலியா என்பதில்தான் அனுபவமிக்கவர்களும் தடுமாறுகின்றனர். கரடுமுரடான சாலையிலிருந்து வழவழப்பான தாருக்கு மாறும்போது ஒலியின் தன்மையும் மாறினால் அது பெரும்பாலும் டயர். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால் ஐயம் தீரும். ஒலியும் பின்னுக்குப் போய்விடும். பேரிங்காயின், வளைவில் வேறுபாடு தெரியும். வண்டி இடப்புறம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தின்மீது சாய்கிறது; அப்போது முனகல் மிகுந்தால் வலப்பக்க பேரிங்கை ஐயுறுக. சேற்று நீரும் புழுதியும் சீலைக் கடந்து உட்புகுந்தால் பேரிங் விரைவில் தேயும். சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் நுண்தூள் பறக்கும் நம் ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேகம் மாறாதிருக்க, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒருவாறும் விடும்போது வேறுவாறும் ஒலித்தால் கியர்பாக்ஸைச் சோதிக்கச் சொல்லுங்கள். பணிமனையில் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்து, கையால் சுழற்றிக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை. ஆட்டமோ கரகரப்போ இருந்தால் பேரிங் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. முற்றிலும் பழுதான பேரிங் சக்கரத்தின் பிடியையே குலைக்கும்.

இதில் பணப்பொறுப்பும் உண்டு. வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. பேரிங் செலவு உரிமையாளருடையதே. அன்றியும், வண்டியைச் செம்மையான நிலையில் பேண வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே, பணிமனை எழுத்தில் எச்சரித்த பின்னரும் ஓட்டிய வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டில் சிக்கல் எழக்கூடும்.

பழைய கார் வாங்கக் கடன் கோருவோர் ஒன்றைக் கருத வேண்டும். மதிப்பீட்டாளரின் சான்று வண்டியின் விலையைச் சொல்வது. பேரிங்கின் ஆயுளுக்கு அது உறுதியன்று. முன்பணம் தருமுன் ஏசியையும் ரேடியோவையும் நிறுத்திவிட்டு, வெறுமையான நேர்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். முனகல் இருந்தால், பழுதுச் செலவின் மதிப்பீட்டை ஒரு பணிமனையிலிருந்து எழுத்தில் பெற்று, விலை பேசும்போது அதை விற்பவர்முன் வையுங்கள்.