மழைக்காலத்தில் நிற்கும் டிராக்டருக்கு எலியிடமிருந்து பாதுகாப்பு

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி வட்டாரங்களில் பல வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. எஞ்சியுள்ள நஞ்சையில் சம்பா நடவுக்கான சேற்று உழவு முடிந்ததும், தை அறுவடை வரை டிராக்டருக்கு வேலை குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது கொட்டகையிலேயே நிற்கிறது. அதே சமயத்தில் வயலிலும் காலி மனையிலும் உள்ள எலி வளைகளில் நீர் புகுகிறது. உலர்ந்த இடம் தேடி வரும் எலிக்கு டிராக்டரின் பானெட் நல்ல புகலிடம். பல நாள் ஓட்டாமல் நிறுத்தும் காருக்கும் இது பொருந்தும்.

சேதம் ஏற்படும் விதம்

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. கொறித்துக் கொறித்துத்தான் அவை தேய்கின்றன. எனவே பசி இல்லாதபோதும் ஒயர், டீசல் குழாய், இருக்கைப் பஞ்சு ஆகியவற்றைக் கடிக்கும். உறை நீங்கிய ஒயர் இரும்பில் பட்டால் தீப்பிடிக்கலாம். ஏர் கிளீனரில் கூடு கட்டினால் எஞ்சினுக்குக் காற்று தடைப்படும். கருவுற்ற எலி சுமார் மூன்று வாரங்களில் குட்டி ஈனும். ஆகவே ஒரு மாதம் கவனிக்காமல் விட்டாலே ஓர் எலி ஒரு குடும்பமாகிவிடும்.

நிறுத்துமுன் செய்ய வேண்டியவை

டிராக்டரில் ஒட்டியுள்ள சேறு, வைக்கோல், நெல்மணிகளைக் கழுவி நீக்கி, நன்கு உலரவிட வேண்டும். சாக்கு, பழந்துணி, தீனி எதையும் உள்ளே வைக்கலாகாது. வைக்கோற்போருக்கும் நெல் மூட்டைக்கும் தள்ளி, சுவரை ஒட்டாமல் நிறுத்துதல் நலம். சுண்டெலி பென்சில் பருமனுள்ள சந்திலும் நுழைந்துவிடும். எனவே கதவின் அடிச்சந்துக்குத் தகரமும், சுவர் ஓட்டைகளுக்குச் சிமெண்டும் இட வேண்டும். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டிவிட வேண்டும். புகைக்குழாயின் வாயைக் கம்பி வலையால் மூடி, அதில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவைத்தால், கிளப்புமுன் எடுக்க மறக்காது.

வாரம் ஒருமுறை

எலி அமைதியான, இருண்ட இடத்தையே விரும்பும். பூட்டிய கொட்டகையானால் பானெட்டைத் திறந்தே வைக்கலாம். வாரம் ஒருமுறை உள்ளே பார்வையிட்டு, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, வண்டியைச் சிறிது நகர்த்தி நிறுத்த வேண்டும். அதற்கு வாய்ப்பில்லையெனில் பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றி வைக்கலாம். பாச்சை உருண்டையின் வாசனையை மட்டும் நம்பி இருப்பது போதாது.

பொறியும் நஞ்சும்

சுவரோரமே எலியின் பாதை. அங்கே கருவாடு அல்லது சுட்ட தேங்காய்த் துண்டுடன் பொறிகளை வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் பொறியை விசையேற்றாமல் வைத்தால் எலியின் அச்சம் தெளியும். நஞ்சு உணவை வண்டிக்குள் வைக்கவே கூடாது. எலி எட்டாத இடுக்கில் செத்து நாறும். அவசியமானால் புரோமடியோலோன் கட்டியை, குழந்தைகளுக்கும் நாய், கோழிகளுக்கும் எட்டாதபடி, கொட்டகைக்கு வெளியே மூங்கில் குழாய்க்குள் வைக்கலாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனித உயிருக்கு ஆபத்தானது. தமிழ்நாட்டில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது.

கூட்டை அகற்றும்போது

எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கூட்டை வெறுங்கையால் தொடவோ, உலர்ந்த நிலையில் பெருக்கவோ கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டு, கையுறை அணிந்து அகற்றி, புதைத்துவிட வேண்டும். பிறகு சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒரு கொட்டகையில் மட்டும் எலியை ஒழித்தால் பக்கத்து மனையிலிருந்து மீண்டும் வரும். எனவே தெருவார் சேர்ந்து ஒரே வாரத்தில் பொறி வைப்பது சிறந்தது. தை மாதத்தில் முதன்முறை சாவியைத் திருப்புமுன், ஏர் கிளீனரையும் ஒயர்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பத்து நிமிட வேலைதான். அறுவடை நேரத்தில் டிராக்டர் பழுதாகி நிற்பதை இது தவிர்க்கும்.